டேங்குக்குப் பெயிண்ட் அடித்தவர்

வேனின் அடிவயிற்றிலிருந்த பெட்ரோல் டேங்க் துருப்பிடித்துச் சொட்டத் தொடங்கியபோது அந்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று பேரும் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள். ஆகவே வாடை ஒருவருக்கும் தெரியவில்லை.

வருஷக்கணக்கில் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடையைக் குடித்த மூக்குகள் அவை. முகம் என்று ஒன்று இருந்தால் மூக்கு என்று ஒன்று வேண்டுமே என்பதற்காக இருந்தன. மூத்தவருக்குக் கண்ணாடி நிற்கவும் கடைசித் தம்பிக்கு அதன் நுனியில் கோபம் வந்து உட்காரவும் பயன்பட்டன.

வேலைசெய்கிற மூக்கு வீட்டில் ஒன்றுதான். அது நடுப்பிள்ளையின் மனைவிக்கு இருந்தது. வேனை ஓட்டியவளும் அவள்தான். பிஸ்கட் கம்பெனிப் பெண்களைக் காலையில் ஸ்டாப் ஸ்டாப்பாக ஏற்றிக்கொண்டுபோய் கேட்டில் விடுவாள், சாயங்காலம் மாவும் சர்க்கரையும் மணக்க மணக்கத் திருப்பிக்கொண்டுவந்து இறக்குவாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“பின்சீட்டுல பெட்ரோல் வாடை வருது மாமா” என்று கணவனின் அண்ணனிடம் முதலில் சொன்னாள்.

அவர்தான் வீட்டுக்கும் பட்டறைக்கும் பெரியவர். வேனுக்கடியில் படுத்து, ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்துவிட்டு வெளியே வந்தார். “ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தான் இருக்கு.”

மறுநாள் காலையில் வேனுக்கடியில் தரை நனைந்து கிடந்தது. அதையும் காட்டினாள்.

“ராத்திரி மழை பேஞ்சுதுல்ல அண்ணி” என்றான் கொழுந்தன். அவனைச் சின்னவன் என்பார்கள். மீசை நன்றாக வந்த பிறகும் அப்படித்தான்.

“மழை வேனுக்கு அடியில மட்டுமா தம்பி பேஞ்சுது?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். நடுவில் பிறந்ததால் அவரைத் தெருவில் நடுவர் என்று கூப்பிட்டார்கள். வாழ்நாளில் ஒரு தீர்ப்பும் சொன்னதில்லை.

பெரியவர் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே சிகரெட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியை எடுத்தார். டிரைவரக்கா பாய்ந்து சிகரெட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் இருந்த பிரச்சினை பெட்ரோல் ஒழுகுவது அல்ல. மூத்தவர் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கிய மருமகள் இந்த வீட்டுக்குத் தேவையா என்பதுதான்.

“கையிலேர்ந்து பிடுங்கியிருந்தாக்கூடப் பரவாயில்ல” என்றார் பெரியவர். “வாயிலேர்ந்து!”

கடைசியில் வேனில் வந்த பெண்ணொருத்தி வாந்தி எடுத்தாள். வெளியாள் எடுத்த வாந்திக்கு மரியாதை அதிகம். புது டேங்க் வாங்கப்பட்டது.

மெக்கானிக்கிடம் விடலாம் என்றாள் டிரைவரக்கா.

“எதுக்கு மெக்கானிக்? மேல நாலஞ்சு பைப்பு, கீழ ரெண்டு இரும்புப் பட்டை, அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு. இதை மாட்ட ஒருத்தன் வந்து டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போகணுமா? நாங்க மூணு பேரு என்ன பொம்மையா?” என்றார் பெரியவர்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

லீவு நாளாகப் பார்த்து வேலை தொடங்கியது. பட்டறையின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேசுவதென்றால் கத்தவேண்டும், கத்தினால் சண்டைபோல இருக்கும், ஆகவே எல்லோரும் காலையிலிருந்தே சண்டைபோட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. பழைய டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குழாய் போட்டு உறிஞ்சி கேனில் இறக்கினான் சின்னவன். ஒரு வாய் உள்ளேயும் போயிற்று. “ருசி தெரியுதா?” என்றாள் டிரைவரக்கா. தெரியவில்லை என்றான். வேனை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, நடுவர் உள்ளே புகுந்தார். போல்ட்டுகள் துருவேறிப் பட்டையோடு பட்டையாக ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, மறுபடி எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டியிருந்தது. கடைசி போல்ட் கழன்றதும் டேங்க் அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. அப்படியே டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் எதையும் இவ்வளவு இறுக்கிப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

புது டேங்க் கருப்பாக வந்திருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

பெரியவர் அதைச் சுற்றி வந்தார். விரலால் தடவினார். முகம் கோணியது.

“என்னடா இது, அடிக்கோட்டு பிரைமரோட மட்டும் விட்டிருக்கான்? வெக்கமில்லாம?”

“அண்ணே, இது வேனுக்கு அடியில போற சாமான்” என்றார் நடுவர். “யாரு பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டேன்ல.”

அவ்வளவுதான். டேங்க் இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே படுக்கவைக்கப்பட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பெட்ரோல் உள்ளே போகிற வாய், எஞ்சினுக்குப் போகிற பைப், அளவை முள்ளில் காட்டுகிற மிதவையை மாட்டும் ஓட்டை, மேலே மூலையில் சுண்டுவிரல் பருமனில் நீட்டிக்கொண்டிருந்த ஏர் பைப் என்று திறந்திருந்த எல்லா வாய்க்கும் பெரியவர் பெயிண்ட் உள்ளே போகாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டினார். டேப் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நகத்தால் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் டேப் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று ஒட்டியவருக்கே தெரியாது. வேனின் பால்நிறத்தையே கலந்து மூன்று கோட்டு அடித்தார். அதன்மேல் பளபளப்புக்கு ஒரு கோட்டு.

மழைக்காலமானதால் பெயிண்ட் காயவில்லை. விளக்கு வைத்துக் காயவைத்தார்கள். அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் சோறும் பட்டறைக்கே வந்தன. டேங்குக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தபடியே பெரியவர் சாப்பிட்டார்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா இல்லையா?”

“மாமா, காலையில ஷிஃப்ட் இருக்கு” என்றாள் டிரைவரக்கா. “பொண்ணைச் சீக்கிரம் ஏத்தி அனுப்புங்க.”

இருட்டுவதற்குள் டேப்புகளை உரித்து, மிதவையை வைத்து, டேங்கைத் தூக்கிப் பட்டைகளில் உட்காரவைத்து, பைப்புகளைச் சொருகிக் கிளிப் போட்டு முறுக்கினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கண்ணாடி மாதிரி மின்னிய டேங்க், இனி யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் பாதி வழியில் வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மழை விடவில்லை. அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிர்ர் கிர்ர் என்றதே தவிரப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த பெண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கேட்டில் நேரம் தவறினால் அரைநாள் சம்பளம் போயிற்று. இறங்கித் தள்ளினார்கள். அவர்களில் வாய் பெரியவள் பேக்கிங் அக்கா. கம்பெனியில் டப்பாக்களுக்கு மூடி போடுகிறவள். தன் வாய்க்கு மட்டும் இதுவரை போட்டதில்லை.

“ஏன் டிரைவரக்கா, ஏத்திக்கிட்டுப் போவேன்னு சொல்லித்தானே ஏத்தின? இப்ப நாங்க வண்டியை ஏத்திக்கிட்டுப் போறோம்!”

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று அவள் டேங்க் மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. பெட்ரோல் முக்கால்வாசிக்கு இருந்தது. மூடியைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் முக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேட் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலமும் நின்றது. மூடியைத் திறந்தாள், ஸ்ஸ்ஸ், ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. இரண்டு நாள் யோசித்துவிட்டு வீட்டில் சொன்னாள்.

“மாமா, நின்ன பிறகு மூடியைத் திறந்தா காத்தை உள்ள இழுக்குது. உடனே ஓடுது. டேங்க்லதான் ஏதோ இருக்கு. கழட்டிப் பாருங்க.”

பெரியவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “டேங்க்லயா?”

“ஆமா.”

“நான் மாட்டின டேங்க்லயா?”

“நீங்க மாட்டினதுலதான். வண்டில வேற டேங்க் இல்லையே.”

“ஸ்ஸ்னு சத்தம் வருதாம்டா” என்றார் தம்பிகளைப் பார்த்து. “டேங்க் பெருமூச்சு விடுதாம். அதுக்கு என்ன மனக்கவலையோ!”

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணி, நீங்க கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க. அதான்.”

“கிளட்சுக்கும் மூடிக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“எல்லாத்துக்கும் எல்லாமும் சம்பந்தம் அண்ணி. அது எஞ்சின்.”

அவன் லைசென்ஸ் எடுத்து அப்போது இரண்டு மாதம். பட்டறையின் புகையைவிட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்காரவேண்டும் என்று ஆசை. தப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“அதுவும் இல்லாம” என்று பெரியவர் குரலைத் தழைத்தார். தழைத்த குரலில்தான் அவர் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்துவார். “மழைக்காலம். பொம்பளப்புள்ள ரோட்டுல நின்னு வண்டியத் தள்ளிக்கிட்டிருக்கிறது நமக்குத்தானே அசிங்கம்? கொஞ்ச நாளைக்கு சின்னவன் ஓட்டட்டும். நீ ஓய்வா இரும்மா. வீட்டுல இரு.”

“எனக்கு ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா?”

“கேக்காமலேயே குடுக்கிறேன் பாரு. அதான் குடும்பம்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஓடு சின்னச் சின்னதாக வந்தது. ரொம்பக் கவனமாக உரிக்கவேண்டியிருந்தது.

“நீங்க சொல்லுங்க.”

“அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு” என்றார் நடுவர். “நீ சொல்றதுலயும் ஒரு இது இருக்கு.”

“எது?”

“அதான்... இது.”

சின்னவன் அப்போதே சாவியை எடுத்துக்கொண்டு போனான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தான். ஹாரன் அடித்தான். “ஒண்ணுமே இல்லையே அண்ணி! வெண்ணெய் மாதிரி போகுது.”

“கம்பெனி வரைக்கும் போய்ப் பாரு தம்பி. பாலம் ஏறும்போது நிக்கும். நின்னா மூடியைத் திற.”

“நமக்கு நிக்காது அண்ணி.”

காலையில் அவள் வாசலில் நிற்க, வேன் அவளைத் தாண்டிப் போனது. நல்ல நாளிலேயே அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். டிரைவர் சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தாள். இந்நேரம் அவன் பின்னால் தள்ளியிருப்பான். அதை நினைத்தபோதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. அழுதுமுடிப்பதற்குள் போன் வந்தது. பேக்கிங் அக்கா.

“டிரைவரக்கா, இந்தத் தம்பியும் நின்னுட்டான். பாலத்துல. பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது. பானெட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு அதைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கான்.”

“மூடியைத் திறக்கச் சொல்லுங்க.”

“சொன்னேனே, நீ முன்னாடி செய்வியேன்னு. பொம்பளைங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்ங்கிறான்.”

“அப்ப நீங்களே திறங்கக்கா. மூடியோட சாவி டேஷ்போர்டுல இருக்கும்.”

போன் வழியாகவே அவளுக்குக் கேட்டது. ஸ்ஸ்ஸ். பிறகு எஞ்சின்.

மத்தியானம் பட்டறைக்குப் போனாள். சின்னவன் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் அவன் தோளில் கைவைத்திருந்தார்.

“நின்னுடுச்சாமே” என்றாள்.

“வண்டி பழசாயிடுச்சும்மா” என்றார் பெரியவர். “புள்ள என்ன பண்ணுவான்? அந்த மழையில, அந்த டிராஃபிக்ல, தனியாளா... பாவம், சமாளிச்சுக் கொண்டுவந்துட்டான்.”

டிரைவரக்கா மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“நான் ஓட்டி நின்னா காலு சரியில்ல. அவன் ஓட்டி நின்னா வண்டி சரியில்ல. அப்படித்தானே மாமா?”

“அப்படி இல்லம்மா...”

“வேற எப்படி? நேத்தே தொண்டை கிழியச் சொன்னேன். பெருமூச்சுன்னு சிரிச்சீங்க. அவன் ஒரு நாள் நனைஞ்சதும் தலை துவட்டுறீங்க. அந்தப் பொம்பளைங்க தள்ளினாங்களே, அவங்களுக்கு ஒரு துண்டு குடுத்தீங்களா? வாடை அடிக்குதுன்னேன், இல்லைன்னீங்க. தரை நனைஞ்சிருக்குன்னேன், மழைன்னீங்க. என் மூக்கு பொய், கண்ணு பொய், காது பொய், காலு பொய். சோறாக்குற கை மட்டும் நிஜமா?”

நடுவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஏதோ சொல்லப்போகிறார் என்று தோன்றியது. சொல்லவில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வேனுக்குப் போனார்.

“டேய், எதுக்குடா இப்ப?” என்றார் பெரியவர்.

“கழட்டிப் பாக்கலாம்ணே” என்று வேனுக்கடியிலிருந்து குரல் வந்தது. அவரைப் பொறுத்தவரை அது தீர்ப்புதான்.

டேங்க் இறங்கியது. வெளிச்சத்தில் வைத்ததும் நால்வருக்கும் தெரிந்தது. ஒரு பக்கம் கன்னம் ஒட்டி உள்ளே போயிருந்தது, பல நாள் சாப்பிடாத ஆளின் முகம் போல. நடுவர் ஏர் பைப்பில் மாட்டியிருந்த ரப்பர் குழாயை உருவினார். பைப்பின் நுனியில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. பால்நிறத்தில், பளபளவென்று, வட்டமாக, அழகாக மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயிண்டோடு டேப் உரிந்து வந்தது.

எல்லா வாயையும் திறந்தவர்கள் அந்த வாயை மட்டும் மறந்துவிட்டார்கள். மூன்று கோட்டுக்குக் கீழே அது டேப் என்றே தெரியவில்லை. அதன்மேலேயே குழாயைச் சொருகிக் கிளிப்பும் போட்டிருந்தார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், டேங்க் தன்னையே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. மூடியைத் திறந்தபோதெல்லாம் அதற்கு ஒரு வாய்க் காற்று கிடைத்திருக்கிறது.

பெரியவர் குனிந்தார். டேங்கின் ஒடுங்கிய கன்னத்தைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினார்.

“பாத்தீங்களாடா?” என்றார். “இரும்பே வளைஞ்சிருக்கு. பெயிண்ட்டுல ஒரு கீறல் விழுந்திருக்கா பாருங்க.”

சின்னவன் துண்டால் மறுபடி தலையைத் துடைத்தான்.

“வேலைன்னா அது வேலை” என்று முடித்துவிட்டு எழுந்தார். “சரி. மாட்டுங்க. காலையில நீயே ஓட்டும்மா. பெருந்தன்மையா சொல்றேன்.”

காலையில் டிரைவரக்கா சீட்டை முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். எஞ்சினைப் போட்டாள். கிளம்பவில்லை.

“என்னம்மா, மறுபடியுமா?” என்று பெரியவர் வாசலுக்கு வந்தார்.

“ஏறுங்க மாமா.”

“நானா? எங்க?”

“ஸ்டாப் ஸ்டாப்பா. என்னாலதான் லேட்டாச்சுன்னு அத்தனை பேரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க வந்து உங்க வாயால சொல்லிடுங்க. நீங்க ஏறலன்னா நான் இறங்கிடுறேன். தம்பி ஓட்டட்டும். பெயிண்டும் நீங்களே அடிங்க, பேச்சும் நீங்களே வாங்குங்க.”

பெரியவர் தம்பியைப் பார்த்தார். நடுவர் வேனின் முன்கதவைத் திறந்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் ஸ்டாப்பில் பேக்கிங் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் குடைகளை மடக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்சீட்டில் கண்ணாடி போட்ட ஓர் ஆம்பளையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“வண்டில ஒரு சின்னக் கோளாறு இருந்துச்சு. சரி பண்ணியாச்சு.”

டிரைவரக்கா எஞ்சினை அணைத்தாள்.

“யாரு பண்ணின கோளாறு மாமா?”

“ஷிஃப்டுக்கு நேரமாகுதே” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆகட்டும்க்கா. அன்னைக்கு என்னால ஆச்சுன்னு பேசினீங்கல்ல, இன்னைக்கு யாரால ஆகுதுன்னு நல்லாப் பாத்துக்குங்க.”

பெரியவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். மழை உதவவில்லை. “நான்தான்” என்றார். “டேங்குக்குப் பெயிண்ட் அடிச்சேன். காத்து போற பைப்புல ஒட்டின டேப்பை உரிக்க மறந்துட்டேன். அதான் நின்னுது. இவ மேல தப்பில்ல. இவ மொதல்லயே சொன்னா, நான் கேக்கல.”



“டேங்குக்கா?” என்றாள் பேக்கிங் அக்கா. “பெயிண்ட்டா?”

வேன் கிளம்பியது. இரண்டாம் ஸ்டாப்பில் அவர் கொஞ்சம் சுருக்கிச் சொன்னார். டேப் இருந்தது, மறந்தது, நின்றது என்ற அளவில் முடித்துக்கொண்டார். அவள் விட்டுவிட்டாள். பாலம் வந்தது. வேன் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கியது.

மூன்றாம் ஸ்டாப்பில் ஏறியவர்களுக்கு அவரை அறவே தெரியாது. அதனாலோ என்னவோ அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. சீட்டில் திரும்பி உட்கார்ந்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்கம்மா. வண்டி ஏன் நிக்குதுன்னு யாருக்குமே பிடிபடல. நான்தான் டேங்கை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு பைப்பா பாத்து, ஏர் பைப்புல அடைப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சு...”

எஞ்சின் நின்றது. வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றது. டிரைவரக்கா சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் சொல்லுங்க மாமா. முதல்லேர்ந்து.”

பெரியவர் வாயைத் திறந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“டேங்குக்குப் பெயிண்ட் அடிச்சேன்...” என்று பின்சீட்டிலிருந்து பேக்கிங் அக்கா எடுத்துக்கொடுத்தாள்.